ஃபிரீபிஎஸ்டி: பதினேழு வருட அனுபவத்தோடு திரும்பவும் அரிவரிக்கு

ஏ9காரன் (திங்கள், இரவு 9:12)

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் இருக்கிறேன். நெட்வொர்க் வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. முதலில் விண்டோஸ் சேர்வர், பிறகு சிஸ்கோ, கடைசி எட்டு வருடம் மைக்ரோடிக் ரவுட்டரும் உபுண்டு லினக்ஸும். நித்திரையில் எழுப்பி விலான் (ஒரே வயரில் தனித்தனி நெட்வொர்க்) போடச் சொன்னாலும் போடுவேன்.

போன மாதம் வேலை மாறினேன். புதிய இடத்துக்குக் கிளிநொச்சியில் தலைமை அலுவலகம், முல்லைத்தீவில் ஒரு கிளை. இரண்டு இடத்திலும் ரவுட்டர், ஃபயர்வோல், ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் எல்லாமே ஒவ்வொரு பழைய கொம்பியூட்டர் பெட்டிக்குள் ஓடுகின்றன. எனக்கு முன் இருந்த பெடியன் கனடா போய்விட்டான். அவன் விட்டுச் சென்றது பாஸ்வேர்ட் எழுதிய ஒரு துண்டும், "எல்லாம் பிஎஃப்.கொன்ஃபில் இருக்கு அண்ணை" என்ற ஒரு வரியும்தான். பிஎஃப் என்பது ஃபயர்வோல், அதன் விதிகள் இருக்கும் ஃபைல்தான் பிஎஃப்.கொன்ஃப் என்று பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போனேன். லினக்ஸ் என்று நினைத்து 'ஐபி ஏ' அடித்தேன், அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. 'எஸ்எஸ்' இல்லை. 'சிஸ்டம்சிரிஎல்' இல்லை. 'ஐபிடேபிள்ஸ்' இல்லை. கடைசியில் 'யூநேம்' அடித்தபோதுதான் ஃபிரீபிஎஸ்டி 13 என்ற ஓஎஸ் (இயங்குதளம்) என்று தெரிந்தது. பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். டிஎச்சிபி ஃபைலைத் தேடியே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பக்கத்து மேசையில் இருந்த தங்கச்சி "சேர், ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டதும் "இல்லை, சும்மா பார்க்கிறேன்" என்றேன். இந்த வயதில் வெட்கமாய் இருந்தது.

உபுண்டு வைத்து எல்லாவற்றையும் மாற்ற எனக்கு ஒரு சனி, ஞாயிறு போதும். ஆனால் பெட்டி 211 நாளாக விழாமல் ஓடுகிறது. இதைக் கற்பதா, கழற்றுவதா?

வவுனியா வடக்கு (திங்கள், இரவு 9:40)

கழற்றுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஃபிரீபிஎஸ்டி கூடாது என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு நீங்களும் வெளிக்கிட்டால் அடுத்து வருகிறவன் யார்? இங்கே லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளைப் பிடிப்பதே பெரிய பாடு. மூன்று மாதம் மினக்கெட்டு நீங்கள் படித்தாலும் அது உங்கள் மண்டைக்குள்தான் இருக்கும். அந்தக் கனடாப் பெடியன் செய்ததையே நீங்களும் செய்வீர்கள்.

முறிகண்டியான் (திங்கள், இரவு 10:25)

தம்பி ஏ9காரன், நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஃபிரீபிஎஸ்டி 4 இல் தொடங்கினவன். அதனால் என் பேச்சில் பட்சபாதம் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது லினக்ஸின் இன்னொரு ரகம் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸின் வழி வந்தது, முதல் வெளியீடு 1993 இல். லினக்ஸில் கேர்னல் (ஓஎஸ்ஸின் கரு) ஓரிடம், மற்ற உருப்படிகள் பல இடம், உபுண்டுக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். இங்கே கேர்னல், போர்ட்டுகளைப் பார்க்கும் ஐஎஃப்கொன்ஃபிக், தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச், ஃபயர்வோல், அதற்கான கையேடு எல்லாம் ஒரே வீட்டுச் சமையல். அதைத்தான் 'பேஸ்' என்போம். 'பிகேஜி' கட்டளை கொண்டு நீங்களாகப் போடும் எதுவும் அந்த வீட்டுக்குள் கலக்காது, /யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற தனிக் கொட்டிலில் இருக்கும். உங்கள் டிஎச்சிபி ஃபைல் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈரிசி இல் இருந்திருக்கும், நீங்கள் /ஈரிசி இல் தேடியிருப்பீர்கள். சரிதானே?

அப்புறம், பிஎஸ்டியை நீங்கள் பாவித்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜூனிபர் ரவுட்டரின் ஜூனோஸ் இதிலிருந்து வந்தது. பிளேஸ்டேஷன் 4 இன் உள்ளே இருப்பதும் இதன் வழி வந்ததுதான். நீங்கள் நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தால் அதை அனுப்புகிற பெட்டியும் ஃபிரீபிஎஸ்டி.

'ஐபி ஏ' இல்லாத இடத்தில் ஐஎஃப்கொன்ஃபிக். 'எஸ்எஸ்' க்குப் பதில் சொக்ஸ்டாட். ரவுட் பார்க்க நெட்ஸ்டாட் -ஆர்என், சிஸ்கோவுக்கு முந்தியே இருந்தது அது. லினக்ஸ் மாதிரி ஈத்0 என்று தேடாதீர்கள், இங்கே டிரைவரின் பெயர்தான் போர்ட்டின் பெயர். இன்டெல் நெட்வொர்க் காட் என்றால் ஈஎம்0 அல்லது ஐஜிபி0. பெயரைப் பார்த்தே உள்ளே என்ன காட் என்று சொல்லலாம், பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

பாலைப்பழம் (செவ்வாய், காலை 6:50)

அண்ணா, நான் அறிவியல்நகரில் இஞ்சினியரிங் படிக்கிறேன், அனுபவம் குறைவு. நடுவழி ஒன்று இருக்கிறது. ஓபிஎன்சென்ஸ் போட்டுப் பாருங்கள். அதுவும் ஃபிரீபிஎஸ்டிதான், ஆனால் எல்லாம் பிரவுசரில் கிளிக் செய்யலாம். பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வோலிலிருந்து 2015 இல் பிரிந்து வந்தது. அடுத்து வருகிறவருக்கும் சுகம்.

எப்படியோ, ஓடுகிற பெட்டியில் கை வைக்க முதல் உங்கள் லாப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸில் (கொம்பியூட்டருக்குள் ஒரு போலிக் கொம்பியூட்டர்) ஒன்றைப் போட்டு உடைத்துப் பாருங்கள். எங்கள் லாபில் நாங்கள் இப்படித்தான் பழகினோம், ஒரு கிழமைக்குள் ஆறு தரம் உடைத்தேன்.

ஏ9காரன் (செவ்வாய், இரவு 8:30)

எல்லோருக்கும் நன்றி. முறிகண்டியான் அண்ணை, சரியாகச் சொன்னீர்கள், நான் தேடியது /ஈரிசி இல்தான்.

பாலைப்பழம், பிரவுசரில் கிளிக் செய்வதை ஒதுக்கி வைத்தேன், இப்போதைக்கு. காரணம் பெருமைதான், வேறொன்றும் இல்லை. ஆனால் வேர்ச்சுவல்பொக்ஸ் யோசனையை எடுத்துக்கொண்டேன்.

ஏ9காரன் (அடுத்த ஞாயிறு, பின்னேரம் 5:05)

ஒரு கிழமை ஓடிவிட்டது. கண்டதைச் சொல்கிறேன்.

பிடித்தது முதலில். ஆர்சி.கொன்ஃப் என்ற ஒரே ஃபைல். ஐபி முகவரி, விலான், எந்த சேவை தொடங்க வேண்டும், எல்லாம் அங்கே வரிவரியாக எழுதியிருக்கிறது. உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளான் யாமல் ஃபைலில் ஒரு இடைவெளி பிழைத்து அரை நாள் தலை உடைத்தவனுக்கு இது சொர்க்கம். பெடியன் எழுதியதை அச்சடித்து மேசையில் வைத்து வாசித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் முழு அலுவலகமும் தெரிந்தது.

மான் பக்கங்கள் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் கையேடு) இன்னும் பிடித்தது. லினக்ஸில் மான் பக்கத்தைத் திறப்பது கடைசி வழி, முதலில் கூகிள்தான். இங்கே பிஎஃப்.கொன்ஃப் என்ற ஃபைலுக்கே தனி மான் பக்கம், கடைசியில் உதாரணங்களோடு. ரவுட்டரையே கிளறும்போது நெட் போய்விட்டால் கூகிளும் போய்விடும் என்பது இத்தனை வருடம் எனக்கு உறைக்கவில்லை. போனில் டேட்டாவை வைத்துச் சமாளித்திருக்கிறேன், சிக்னல் ஒரு கம்பி நிற்கிற இடங்களில் அதுவும் இல்லை.

பிடிக்காதது என் விரல்கள். ஸ்கிரிப்ட்களின் முதல் வரியில் /பின்/பாஷ் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டேன். இங்கே பாஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) பேஸில் இல்லை, போட்டாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் இல் உட்காரும். என் ஸ்கிரிப்ட் ஒன்றும் ஓடவில்லை. ஃபைலுக்குள்ளேயே எழுத்தை மாற்ற 'செட் -ஐ' என்று அடித்தால் இங்கே பக்அப் ஃபைலின் பின்னொட்டை எதிர்பார்க்கிறது, என் வரியையே பின்னொட்டாக விழுங்கிவிட்டு விளங்காத பிழை ஒன்று சொன்னது. தெரியாத கட்டளை ஆபத்தில்லை, 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பெயர் ஒன்றாய், குணம் வேறாய் இருப்பதுதான் கையைக் கடிக்கிறது.

நாளை முல்லைத்தீவுப் பெட்டியில் கமராக்களுக்கு ஒரு விலான் சேர்க்கப் போகிறேன். சின்ன வேலை.

மல்லாவிச் சின்னவன் (ஞாயிறு, இரவு 7:20)

"சின்ன வேலை." இந்த இழையை சேமித்து வைக்கிறேன் 😄

ஏ9காரன் (செவ்வாய், இரவு 10:48)

மல்லாவிச் சின்னவன், உன் வாய்க்குச் சர்க்கரை போட மாட்டேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கிளிநொச்சியில் என் மேசையிலிருந்து எஸ்எஸ்எச் இல் முல்லைத்தீவுக்குப் போனேன். விலானை ஆர்சி.கொன்ஃபில் சேர்த்தேன், வந்தது. பிறகு பிஎஃப்.கொன்ஃபைத் திறந்தேன். பெடியன் எழுதிய விதிகளில் 'பிளாக் ஓல்' என்ற வரி மேலேயே, மற்ற விதிகளுக்கு முதல் வரியாக இருந்தது. அதன் கீழே 'பாஸ்', 'பாஸ்', 'பாஸ்'. பார்த்தவுடன் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் மறித்துவிட்டுப் பிறகு திறக்கிறானாம்! பதினேழு வருடமாய் நான் எழுதிய ஒவ்வொரு அக்சஸ் லிஸ்டிலும் மறிப்பு கடைசியில்தான். பாவம், பெடியனுக்குத் தெரியவில்லை, ஏதோ அதிர்ஷ்டத்தில் ஓடுகிறது என்று நினைத்து அந்த வரியை வெட்டிக் கீழே கடைசியில் ஒட்டினேன். 'திருத்தினேன்.'

கவனமில்லாமல் செய்யவில்லை. விதிகளை ஏற்றாமல் பிழை மட்டும் பார்க்கும் பிஎஃப்சிரிஎல் -என்எஃப் கொடுத்துப் பார்த்தேன், பிழை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு -எஃப் கொடுத்து ஏற்றினேன். எஸ்எஸ்எச் அப்படியே உயிரோடு இருந்தது. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்து விண்டோவில் ஓடிக்கொண்டிருந்த பிங்கும் நிற்கவில்லை. சரி, வேலை முடிந்தது என்று 'எக்ஸிட்' அடித்துவிட்டு பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

பத்து நிமிடத்தில் முல்லைத்தீவிலிருந்து போன். "அண்ணை, நெட் இல்லை." அடுத்த நிமிடம் அதே அறையிலிருந்து இன்னொருவர்: "எனக்கு வருது அண்ணை, பெரிய ஃபைல் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கு." ஒருவருக்கு இருக்கிறது, ஒருவருக்கு இல்லை. லைன் தந்த கம்பனியில் சந்தேகப்பட்டு அவர்களுக்கு எடுத்தேன். அவர்கள் பக்கம் சுத்தம். பிறகு சுவிட்சை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னேன். அதோடு அந்தப் பெரிய ஃபைலும் நின்றது. என்னைச் சந்தேகப்பட ஒரு மணித்தியாலம் எடுத்தது. திரும்ப எஸ்எஸ்எச் பண்ணிப் பார்த்தால் கதவு பூட்டு.

போனில் சொல்லிச் செய்விக்கலாம் என்று பார்த்தேன், பெட்டிக்கு மொனிட்டரே இல்லை. மோட்டார்சைக்கிளை எடுத்தேன். பரந்தன் சந்தியில் திரும்பி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம். அந்தப் பாலத்தில் எதிரே ஒரு பஸ், ஒதுங்க இடமில்லாமல் இந்தப் பக்கத்திலேயே காத்து நின்றேன். அங்கே போய் கணக்குப் பகுதியின் மொனிட்டரைக் கழற்றி, கீபோட் தேடி, உள்ளே போய், ஓடுகிற விதிகளைக் காட்டும் 'பிஎஃப்சிரிஎல் -எஸ்ஆர்' அடித்தால் கடைசி வரியில் என் கைவண்ணம். அந்த வரியை மேலே கொண்டுபோய் வைத்து, விதிகளைத் திரும்ப ஏற்றினேன். இரண்டு நிமிடம். போக வர மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

ஏன் என்று பாதி விளங்குகிறது. முழுக்க விளங்கப்படுத்துங்கள் அண்ணை.

முறிகண்டியான் (புதன், காலை 5:55)

தம்பி, இந்தப் பள்ளத்தில் விழாத சிஸ்கோக்காரன் இல்லை.

சிஸ்கோ அக்சஸ் லிஸ்டில் மேலிருந்து கீழே வருகிறது, முதலில் பொருந்துகிற வரியோடு கதை முடிந்தது. லினக்ஸ் ஃபயர்வோலான ஐபிடேபிள்ஸிலும் ஏற்பு அல்லது மறிப்பு விதி பொருந்தினால் அதோடு சரி. மைக்ரோடிக்கும் அப்படித்தான். பிஎஃப் எதிர்மாறு. பொதி (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எல்லா வரியையும் கடந்து கீழே வரும், கடைசியாகப் பொருந்திய வரிதான் தீர்ப்பு. அதனால் 'பிளாக் ஓல்' மேலே இருப்பதுதான் முறை: முதலில் எல்லாவற்றுக்கும் 'இல்லை', பிறகு ஒவ்வொன்றாக 'ஓம்'. நீங்கள் அதைக் கீழே இறக்கியதும் எல்லா 'ஓம்' க்கும் மேலாகக் கடைசிச் சொல் 'இல்லை' ஆனது. சிஸ்கோ மாதிரி முதல் பொருத்தத்திலேயே நிறுத்த வேண்டுமென்றால் அந்த விதியில் 'குயிக்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு விதியும் பொருந்தாவிட்டால் பிஎஃப் பொதியைப் போக விட்டுவிடும். சிஸ்கோவில் கண்ணுக்குத் தெரியாத மறிப்பு ஒன்று கடைசியில் இருக்குமே, அது இங்கே கிடையாது.

எஸ்எஸ்எச் ஏன் சாகவில்லை? பிஎஃப் ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு ஸ்டேட் (நிலைக் குறிப்பு) பட்டியலில் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இருக்கிற தொடர்பின் பொதிகள் விதிகளைப் பார்ப்பதே இல்லை, நேரே போய்விடும். -எஃப் கொடுத்து விதிகளை மாற்றினால் விதிகள் மட்டும்தான் மாறும், பழைய ஸ்டேட் எல்லாம் அப்படியே கிடக்கும். உங்கள் எஸ்எஸ்எச், உங்கள் பிங், அந்த ஆளின் பெரிய ஃபைல் மூன்றும் பழைய ஸ்டேட்டில் ஓடின. புதிதாக வந்தவர்களுக்குத்தான் கதவு பூட்டு. -என்எஃப் எழுத்துப் பிழையைத்தான் பார்க்கும், நீங்கள் எழுதியது இலக்கணச் சுத்தமான மறிப்பு.

ஆகவே பழைய விண்டோவை மூடாமல், இரண்டாவது விண்டோவில் புதிதாக எஸ்எஸ்எச் பண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கும் முதல், சிஸ்கோவில் 'ரீலோட் இன் 10' (பத்து நிமிடத்தில் தானாக ரீபூட்) போட்டுவிட்டு வேலை செய்வீர்கள்தானே? மைக்ரோடிக்கில் சேஃப் மோட். இங்கே அப்படி ஆயத்தப் பொத்தான் இல்லை, நீங்களே கட்ட வேண்டும். நல்ல ஃபைலுக்கு ஒரு பிரதி எடுங்கள். '300 செக்கன் தூங்கி எழும்பி அந்தப் பிரதியை ஏற்று' என்று, இணைப்பு அறுந்தாலும் சாகாதபடி நோஹப் போட்டுப் பின்னணியில் ஓடவிட்டுவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இரண்டாவது விண்டோ உள்ளே போனால் அந்தத் தூக்கக்காரனைக் கொன்றுவிடலாம். போகாவிட்டால் ஐந்து நிமிடம் பொறுங்கள், தானாகத் திறக்கும். வட்டுவாகல் பாலம் தாண்டத் தேவையில்லை.

வவுனியா வடக்கு (புதன், காலை 8:15)

நான் சொன்னது இதைத்தான். உபுண்டுவாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மல்லாவிச் சின்னவன் (புதன், காலை 8:31)

அண்ணை, உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலை எனேபிள் பண்ணிவிட்டு எஸ்எஸ்எச் ஐத் திறக்க மறந்து நான் இரவு ஒரு மணிக்கு மாங்குளம் போயிருக்கிறேன். வழியில் யானை நின்று அரை மணித்தியாலம் கூடப் போனது. பூட்டிக்கொள்வதற்கு எந்த ஓஎஸ் உம் தடை இல்லை.

அக்கராயன் குளக்கட்டு (புதன், மதியம் 12:40)

நான் ஆர்சி.கொன்ஃபில் விழுந்தவன். ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தேன், அவ்வளவுதான். அடுத்த தரம் பூட் ஆகும்போது பாதியில் நின்று ஷெல்லின் பெயரைக் கேட்டது. என்டர் அடித்து உள்ளே போனால் ஃபைலைத் திருத்த விடவில்லை, டிஸ்க் வாசிக்க மட்டும் என்றது. 'மவுன்ட் -யூ /' அடித்த பிறகுதான் எழுத விட்டது. இதை அறியாமல் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புது டிஸ்க்குக்கு விலை கேட்டுவிட்டேன். இப்போது அந்த ஃபைலைக் கையால் தொடுவதில்லை, 'சிஸ்ஆர்சி' கட்டளையால்தான் மாற்றுவேன், மேற்கோள் குறிகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. இணையத்தில் பிஎஃப் உதாரணம் தேடினால் பாதி ஓபன்பிஎஸ்டி என்ற சகோதர ஓஎஸ்ஸுக்கு எழுதியது. பிஎஃப் பிறந்த வீடு அதுதான், 2001 இல். ஆனால் ஓபன்பிஎஸ்டிக்காரர் 2010 இல் நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் விதி) எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள், ஃபிரீபிஎஸ்டி அதன் பிறகும் பல வருடம் பழைய முறையிலேயே நின்றது. உங்கள் 13 இல் புதிய முறையை ஒட்டினால் வரி இலக்கத்தோடு திட்டும். பெட்டிக்குள் இருக்கிற மான் பக்கம் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

பாலைப்பழம் (புதன், இரவு 9:02)

அண்ணா, ஒரு கேள்வி, கோபிக்க வேண்டாம். பெடியன் பிழையாய் எழுதியிருக்கிறான் என்று நினைத்தபோது, 211 நாள் அது எப்படி ஓடியது என்று யோசிக்கவில்லையா? நான் என்றால் பயத்தில் தொட்டிருக்க மாட்டேன்.

ஏ9காரன் (புதன், இரவு 10:10)

கோபம் இல்லை தங்கச்சி. யோசிக்கவில்லை, உண்மை. எனக்குத் தெரியாத இடங்களிலெல்லாம் மெல்லத்தான் போனேன், மான் பக்கம் பார்த்தேன், வேர்ச்சுவல்பொக்ஸில் உடைத்துப் பார்த்தேன். ஃபயர்வோல் விதி என்றதும் இது எனக்குத் தெரிந்த சாமான் என்று மனம் சொல்லிவிட்டது. அதனால் பார்க்கவே இல்லை. உனக்கு இருக்கிற பயம் எனக்கு இல்லாமல் போனதுதான் வினை.

வவுனியா வடக்கு அண்ணை சொன்ன விஷயத்தையும் தள்ளிவிடவில்லை. அடுத்தவன் வந்தால் என்ன செய்வான் என்பது நியாயமான கேள்வி. பெட்டியை மாற்றவில்லை, ஆனால் எழுதி வைக்க ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன், அந்த நாள் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரித் தடித்தது. ஒவ்வொரு விதிக்கும் எதற்கு என்று தமிழில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'பிளாக் ஓல் மேலேதான் இருக்க வேண்டும். கீழே இறக்காதே.' அந்தக் கனடாப் பெடியனுக்கும் ஒரு மெசேஜ் போட்டேன். "அண்ணை, நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன்" என்று பதில் வந்தது. அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன, பாவி.

வவுனியா வடக்கு (வியாழன், காலை 7:45)

கொப்பி நல்ல வேலை. அதன் ஒரு பிரதி கிளிநொச்சியிலும் இருக்கட்டும். நான் இன்னும் கழற்றுங்கள் கட்சிதான்.

ஏ9காரன் (அடுத்த வியாழன், இரவு 8:55)

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை முல்லைத்தீவுப் பெட்டியை 13 இலிருந்து 14 க்கு ஏற்றப் போகிறேன். டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். பிஇசிரிஎல் கட்டளை கொண்டு இப்போதிருக்கிற நிலைக்கு ஒரு பூட் சூழல் (திரும்பிப் போகக்கூடிய பிரதி) எடுத்து வைப்பேன், ஏற்றியது சரிவராவிட்டால் பூட் மெனுவில் பழையதைத் தெரிவு செய்யலாம். வேர்ச்சுவல்பொக்ஸில் இரண்டு தரம் செய்து பார்த்தேன், வந்தது. இதை மேசையிலிருந்து செய்யலாமா, நேரில் போக வேண்டுமா?

முறிகண்டியான் (வியாழன், இரவு 9:30)

பூட் மெனுவில் தெரிவு செய்ய யார் திரைக்கு முன் நிற்பது? போங்கள். நீங்கள் மொனிட்டரையும் கொண்டே போங்கள், கணக்குப் பகுதியார் இரண்டாம் தரம் தர மாட்டார்கள். அப்கிரேட் முடிந்து ரீபூட் ஆன பிறகு அப்டேட் கட்டளையின் இன்ஸ்டோலை இன்னொரு தரம் ஓட்ட வேண்டும், பிறகு பிகேஜி கொண்டு போட்டவற்றையும் புதுப்பிக்க வேண்டும், அதை மறந்தால் டிஎச்சிபி எழும்பாமல் போகலாம். கரண்ட் போனால் தாங்குகிற பற்றரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், பின்னேரத்தில் இடி மின்னல் வருகிற காலம்.

மல்லாவிச் சின்னவன் (வியாழன், இரவு 9:41)

போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தி ஒரு தேங்காயும் உடையுங்கள். எனக்குக் கச்சான்.

ஏ9காரன் (வியாழன், இரவு 9:50)

தம்பி, நான் பரந்தனால் போகிறேன். முறிகண்டி மற்றப் பக்கம்.

முறிகண்டியான் (வியாழன், இரவு 9:58)

அப்படியென்றால் முறிகண்டியைக் கடந்து மாங்குளத்தால் சுற்றிப் போங்கள். 14 க்கு ஏற்றுவது என்றால் நானும் அப்படித்தான் போவேன்.